கனடாவுக்குக் குடிபெயர்கிறோம்: வீட்டுச் சாமான், நகை, வீணைக்கெல்லாம் கஸ்டம்ஸ் விதி என்ன?

தேன்மொழி, கோவை

வணக்கம். எங்கள் குடும்பத்துக்கு கனடா பி.ஆர் (நிரந்தரமாக வசிக்கும் அனுமதி) வந்துவிட்டது. கணவர் பிப்ரவரியில் முதலில் போய் மிஸ்ஸிஸாகா பக்கம் வீடு பார்த்து வைப்பார், நானும் பிள்ளைகள் இருவரும் ஸ்கூல் முடிந்து மே மாதம் போவோம். வீட்டுச் சாமானைக் கப்பலில் அனுப்புவதாக இருக்கிறோம். முழு கன்டெய்னர் தேவைப்படாது, பாதி வீடு அளவுக்குத்தான் இருக்கும்.

பேக்கர்ஸ் கம்பெனிக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர், "எல்லாம் பழைய சாமான்னு எழுதிடுவோம், வரியே வராது" என்கிறார். இன்னொருவர் நகைக்கு அங்கே கண்டிப்பாக வரி போடுவார்கள் என்று பயமுறுத்துகிறார். எனக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது, பட்டியலை யார், எப்போது கொடுக்க வேண்டும் என்பது. கணவர் இறங்கும்போதா, நான் போகும்போதா, கப்பல் அங்கே போய்ச் சேர்ந்த பிறகா?

அப்புறம் சில பொருள்களைப் பற்றித் தனியாகவே கேட்க வேண்டியிருக்கிறது. என் கல்யாண நகை, அதோடு மாமியார் கொடுத்த பழைய அட்டிகை. கணவரின் பூர்வீக வீட்டில் இருந்து வந்த ஒரு ஜோடி பித்தளைக் குத்துவிளக்கு, ஒரு தஞ்சாவூர் ஓவியம், இரண்டும் எத்தனை வருஷத்துப் பழசு என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. மகள் வாசிக்கிற வீணை, அது என் பாட்டியுடையது. தேக்கு ஊஞ்சல், மகனின் சைக்கிள், வெட் கிரைண்டர். மிக்ஸி மட்டும் 110 வோல்ட்டில் புதிதாக வாங்கிப் பெட்டியைப் பிரிக்காமல் அனுப்பலாம் என்று நினைக்கிறோம். அங்கே போனவர்கள், அனுப்புகிற தொழிலில் இருப்பவர்கள் யாராவது விவரமாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

---

வடபழனி டு பிராம்ப்டன்

வாழ்த்துகள் சகோதரி. முதல் வேலையாக அந்த "பழைய சாமான்னு எழுதிடுவோம்" ஆளை விட்டு விலகுங்கள். கனடா எல்லையில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியது உங்கள் கணவர், கம்பெனிக்காரர் இல்லை. தவறான விவரம் கொடுத்தால் பொருளைப் பிடித்து வைக்கவும் அபராதம் போடவும் சி.பி.எஸ்.ஏ-வுக்கு, அதாவது கனடாவின் எல்லை, கஸ்டம்ஸ் துறைக்கு, அதிகாரம் இருக்கிறது. உண்மையை எழுதினாலே உங்களுக்கு அநேகமாக வரி வரப்போவதில்லை, அப்படி இருக்கும்போது பொய் எதற்கு?

விதி இதுதான். முதல் தடவையாக கனடாவில் குடியேற வருகிறவரை அவர்கள் 'செட்லர்' என்று சொல்வார்கள். செட்லர் ஒருவர் கனடாவுக்கு வருவதற்கு முன்பே சொந்தமாக வாங்கி, தன் கைவசம் வைத்து, பயன்படுத்தியும் வந்த வீட்டுப் பொருள்களுக்கு வரி கிடையாது. சொந்தம், கைவசம், பயன்பாடு மூன்றும் இருக்க வேண்டும். ஊரில் பணம் கட்டி அங்கே போன பிறகு டெலிவரி எடுத்தது சேராது, பெட்டி பிரிக்காத புதுப் பொருளும் சேராது. இதில் ஒரே விலக்கு கல்யாணச் சீர். கனடா வருவதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் கல்யாணம் ஆனவர்களும், வந்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் செய்யப்போகிறவர்களும் பரிசாக வந்ததைப் பயன்படுத்தாமலே கொண்டு வரலாம். உங்களுக்கு அது பொருந்தாது, ஆனால் புதுசாகக் கல்யாணமாகி வருகிற நிறையப் பேர் இது தெரியாமல் பாத்திரத்தை எல்லாம் பெட்டி பிரித்து ஒரு தடவை கழுவி வைக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. பட்டியலைக் கணவர் முதல் தடவை இறங்கும் அன்றே, அந்த விமான நிலையத்திலேயே கொடுத்துவிட வேண்டும். கையில் இரண்டு சூட்கேஸ் மட்டும் இருந்தாலும் சரி, கப்பலில் இன்னும் எதுவுமே ஏறாமல் இருந்தாலும் சரி. பட்டியலில் இரண்டு பகுதி, ஒன்று இப்போது கூடவே வரும் பொருள், மற்றொன்று பின்னால் வரப்போகும் பொருள். இரண்டாவதை 'கூட்ஸ் டு ஃபாலோ' என்பார்கள். படிவத்தின் எண் பி.எஸ்.எஃப் 186, இடம் போதாவிட்டால் கூடுதல் தாள் 186ஏ. பழைய ஆட்கள் பி4 என்று சொல்வது இதைத்தான். சி.பி.எஸ்.ஏ தளத்தில் இறக்கி, வீட்டில் நிதானமாக டைப் செய்து, இரண்டு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதிகாரி அதைப் பார்த்து முத்திரை வைத்து ஒரு பிரதியைத் திருப்பிக் கொடுப்பார். பின்னால் கப்பல் சாமானை எடுக்க அந்த முத்திரை வைத்த தாள்தான் ஆதாரம். பாஸ்போர்ட் வைக்கிற இடத்தில் அதையும் வையுங்கள்.

டொரோன்டோவின் பியர்சன் விமான நிலையத்தில் நிறையப் பேர் தவறவிடுகிற இடம் ஒன்று இருக்கிறது. முதலில் கியாஸ்க், அப்புறம் இமிக்ரேஷன் கவுன்ட்டரில் பி.ஆர் பேப்பர் வேலை, அது முடிந்து பெட்டிகளை எடுத்த உடனே "எல்லாம் முடிந்தது" என்ற நினைப்பில் வெளியே நடந்துவிடுவார்கள். நீண்ட பயணக் களைப்பு, வெளியே நண்பர் காத்திருப்பார். வெளியே வருவதற்கு முன்னால் கஸ்டம்ஸ் அதிகாரியிடம், "நான் செட்லர், பொருள் பட்டியல் வைத்திருக்கிறேன், பின்னால் வரும் சாமானும் இருக்கிறது" என்று தானாகப் போய்ச் சொல்ல வேண்டும். யாரும் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள்.

பட்டியல் எழுதுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஸ்டீல் பாத்திரம், துணிமணி, புத்தகம், பொம்மை எல்லாம் மொத்தமாக "சமையல் பாத்திரங்கள், ஆறு பெட்டி" என்கிற மாதிரி எழுதலாம். விலை உயர்ந்தது எதுவாக இருந்தாலும் தனித்தனி வரி: டிவி, லேப்டாப், கேமரா, தையல் மெஷின், சைக்கிள், வீணை. பிராண்டு, மாடல், சீரியல் நம்பர், கனடா டாலரில் தோராய மதிப்பு. மதிப்பு என்றால் பொருள் இன்றைக்கு இருக்கும் நிலையில் பெறக்கூடிய விலை, வாங்கின போது கொடுத்த விலை இல்லை. சந்தேகமாக இருக்கும் பொருளையும் எழுதிவிடுங்கள். எழுதிய பொருளைக் கடைசியில் அனுப்பாமல் விட்டால் ஒரு குற்றமும் இல்லை, எழுதாத பொருள் பின்னால் வந்தால்தான் வரி கேட்பார்கள்.

நீங்கள் மே மாதம் வரும்போது நீங்களும் செட்லர்தான். உங்களோடு வரும் நகைக்கும் பெட்டிகளுக்கும் உங்கள் பெயரில் தனிப் பட்டியல் கொடுங்கள். கப்பல் சாமான் யார் பெயரில் புக் ஆகிறதோ அவர் பட்டியலில் அது இருக்கட்டும்.

---

துறைமுகத்துப் பிள்ளை

நான் சென்னையில் ஏற்றுமதி கிளியரன்ஸ் தொழிலில் இருக்கிறேன், இந்தியப் பக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எல்லோரும் போகிற நாட்டின் கஸ்டம்ஸையே நினைத்துக் கவலைப்படுகிறார்கள், ஆனால் உங்கள் பட்டியலைப் பார்த்தால் சிக்கல் வரக்கூடிய பொருள்கள் இங்கேயே மாட்டக்கூடியவை.

குத்துவிளக்கும் ஓவியமும்: 1972-ஆம் ஆண்டு தொல்பொருள், கலைப்பொக்கிஷச் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம், உலோக வேலைப்பாடு போன்றவற்றைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பூர்வீகச் சொத்து, சொந்த உபயோகம் என்று சொன்னாலும் முடியாது. ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதி மாதிரியானவை என்றால் எழுபத்தைந்து வருஷம்தான் கணக்கு. வயது தெரியாத பொருள் என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, இது தொல்பொருள் இல்லை என்று சான்றிதழ் வாங்க வேண்டும். விண்ணப்பத்தோடு போட்டோ வைக்க வேண்டும், பொருளையே நேரில் காட்டவும் சொல்லலாம். இதற்கு நேரம் பிடிக்கும், பேக்கிங் தேதி குறித்த பிறகு ஓடாதீர்கள். கடையில் வாங்கின புது ஓவியம், புது விளக்கு என்றால் இந்தக் கவலை பெரிதாக இல்லை, பூம்புகார் மாதிரி இடத்தில் வாங்கின பில் இருந்தால் அதை சாமானோடு சேர்த்துக் கொடுங்கள். உங்களுடையது பில் இல்லாத பூர்வீகப் பொருள், அதனால் சான்றிதழ் இல்லாமல் பெட்டியில் ஏற்றவே ஏற்றாதீர்கள். நூறு வருஷம் தாண்டியது என்று அவர்கள் சொல்லிவிட்டால், குடும்பத்தில் யாரிடமாவது பத்திரமாகக் கொடுத்துவிட்டுப் போங்கள். அது நம் ஊரிலேயே இருக்க வேண்டிய பொருள் என்பது என் சொந்த அபிப்பிராயமும் கூட.

வீணை: பலா மரக் கட்டைக்கு ஒன்றும் இல்லை. பாட்டி காலத்து வீணை என்கிறீர்களே, அதன் குடத்திலும் தண்டியின் ஓரத்திலும் வெள்ளை வேலைப்பாடு இருந்தால் அது என்னவென்று ஒரு நல்ல வீணை ஆசாரியிடம் காட்டிக் கேளுங்கள். இப்போது பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள், அந்தக் காலத்தில் தந்தமும் மான் கொம்பும் வைத்தது உண்டு. தந்தம் என்றால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இங்கே, அரிய உயிரினப் பொருள் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைடிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தம் இரு பக்கமும். கொண்டு போகவே முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்குப் புதுசாக ஒன்று தஞ்சாவூரில் செய்து, இங்கேயே சில மாதம் வாசித்துவிட்டு, பில்லோடு அனுப்புவது நிம்மதி.

இதே சட்டத்தில் வருகிற இன்னும் சில: குழந்தை கழுத்துக் கயிற்றில் பழைய வீடுகளில் கோத்திருக்கும் புலிநகம், பூஜை அறை மயில் தோகை. இரண்டையும் அனுப்பக்கூடாது. சந்தனக் கட்டையும் அப்படித்தான், சாமி அறைச் சாமான்களோடு சாமானாகப் போய்ப் பெட்டியில் உட்கார்ந்துவிடும், ஸ்கேனிங்கில் தெரியும்.

ஊஞ்சலுக்குத் தடை இல்லை. செல் அரித்த அடையாளம் இருந்தால் மட்டும் முதலில் மருந்தடித்துச் சரிசெய்யுங்கள். பேக்கிங்குக்குப் போடும் மரச்சட்டம் சூட்டில் பதப்படுத்தி, ஐ.எஸ்.பி.எம் 15 என்ற, பேக்கிங் மரத்துக்கான சர்வதேச முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும், அதைப் பேக்கர்ஸிடம் எழுத்தில் கேளுங்கள். சைக்கிள் டயர், செருப்பு, தோட்டத்துச் சாமான், அம்மி, உரல் இதிலெல்லாம் மண் ஒட்டியிருக்கக்கூடாது. கனடாவில் மண் உள்ளே வருவதைத் தடுக்கிறார்கள், பூச்சி, நோய்க்கிருமி பயம். பிரஷ் போட்டுக் கழுவிக் காயவைத்துக் கட்டுங்கள்.

பேக்கிங் விஷயத்தில் ஒன்று. நீங்களே கட்டி ஒட்டிய பெட்டியை, பேக்கிங் லிஸ்டில் உரிமையாளர் கட்டியது என்று குறித்துவிடுவார்கள். அதில் பொருள் உடைந்தால் இன்சூரன்ஸ் பொதுவாகக் கிடைக்காது, உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாததால் கஸ்டம்ஸுக்கும் அந்தப் பெட்டியைப் பிரிக்கத்தான் தோன்றும். கம்பெனி ஆட்கள் கட்டட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பெட்டி நம்பரும் உள்ளிருப்பும் எழுதிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸுக்குப் போடும் மதிப்பு அதே பொருளைத் திரும்ப வாங்க ஆகும் விலை, கஸ்டம்ஸ் பட்டியலில் போடுவது பழைய பொருளின் இன்றைய விலை. இரண்டும் வேறாகத்தான் இருக்கும், யாராவது கேட்டால் காரணம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

---

தேன்மொழி, கோவை

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. வீணை விஷயம் நினைத்தே பார்க்கவில்லை, வெள்ளை வேலைப்பாடு இருக்கிறது, நாளைக்கே காட்டுகிறோம். ஓவியத்தை என் கொழுந்தனாரிடம் விட்டுவிடலாம் என்று கணவர் சொல்கிறார்.

நகை பற்றி இன்னும் தெளிவு வேண்டும். பத்தாயிரம் டாலருக்கு மேல் நகை கொண்டு போகக்கூடாது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். என் கல்யாண நகையெல்லாம் சேர்த்தால் இன்றைய தங்க விலையில் அதைத் தாண்டிவிடும். அப்புறம் என் தம்பி செப்டம்பரில் அங்கே படிக்கப் போகிறான், கொஞ்சம் சாமானை அவன் பெயரில் அனுப்பினால் செலவு குறையுமா என்றும் யோசிக்கிறோம். கணவருடைய புல்லட் ஒன்று இருக்கிறது, அதை விற்க அவருக்கு மனசே இல்லை, கேட்டுப் பார் என்றார்.

---

வடபழனி டு பிராம்ப்டன்

பத்தாயிரத்தைப் பற்றி ஊரில் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள், ஏனென்றால் இரண்டு வேறு விதியில் அதே தொகை வருகிறது.

ஒன்று பணத்துக்கானது. ரொக்கம், டிராவலர்ஸ் செக், பேங்க் டிராஃப்ட், பத்திரம் எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் கனடா டாலர் அல்லது அதற்கு மேல் கொண்டு வந்தால் தெரிவிக்க வேண்டும். கொண்டு வரத் தடை இல்லை, வரியும் இல்லை, சொல்லாமல் போனால்தான் பறிமுதல். நகை இந்தக் கணக்கில் வராது.

மற்றது முன்பே கனடாவில் வசித்து, வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறவர்களின் பொருள்களுக்கானது. அவர்களுடைய ஒரு தனிப்பொருளின் மதிப்பு பத்தாயிரம் டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டும் வரி. மொத்தத்துக்கு அல்ல, ஒவ்வொரு பொருளுக்கும் தனிக் கணக்கு. முதல் தடவையாகக் குடியேறும் செட்லரான உங்களுக்கு அது பொருந்தாது. ஆனாலும் உங்கள் வளையல், ஆரம், ஜிமிக்கி, ஒட்டியாணம் ஒவ்வொன்றும் பட்டியலில் தனி வரியாக இருக்கட்டும். "தங்க நகை, 60 பவுன்" என்று ஒரே வரியில் எழுதுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. வாசலில் நிற்கும் அதிகாரிக்குப் பவுன் என்றால் என்னவென்றும் தெரியாது, எடையைக் கிராமில் எழுதுங்கள்.

நகையை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து, தெரிந்த நகைக்கடையில் அல்லது அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் விவரமும் மதிப்பும் எழுதிக் கையெழுத்தோடு வாங்குங்கள். அட்டிகைக்குப் பில் இருக்காது, அதனால் அதற்கு இது ரொம்ப அவசியம். இந்தச் சான்று உங்களுக்கு வருஷக்கணக்காக உதவும். பின்னால் நீங்கள் ஊருக்கு வந்து திரும்பும்போது கழுத்தில் இருக்கும் நகையைப் புதுசாக வாங்கினதா என்று கனடா பக்கம் கேட்டால், முதல் நாள் முத்திரை வைத்த பட்டியலும் அந்தப் போட்டோவும்தான் பதில்.

இந்தியாவிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. கிளம்பும்போது விமான நிலைய கஸ்டம்ஸில் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பி வரும்போது அதற்கு இங்கே வரி கேட்க மாட்டார்கள். இரவு விமானத்துக்குக் குழந்தைகளோடு போய் இதற்கும் நிற்பது சிரமம்தான், ஆனாலும் சீக்கிரம் போய் வாங்கிவிடுங்கள். நகையைக் கப்பலில் மட்டும் அனுப்பாதீர்கள், கைப்பையில் வரட்டும்.

இன்னொன்று, வரியில்லாமல் கொண்டு வந்த பொருளைப் பன்னிரண்டு மாதத்துக்குள் விற்றாலோ யாருக்காவது கொடுத்தாலோ, விட்டுக்கொடுத்த வரி திரும்பக் கட்ட வேண்டி வரும். ஆகவே உறவுக்காரருக்குக் கொடுப்பதற்கென்று எதையும் உங்கள் வீட்டுச் சாமான் என்று எழுதி அனுப்பாதீர்கள். அது பரிசுப் பொருள், வேறு கணக்கு.

---

ஓட்டாவா கார்த்தி

தம்பி பெயரில் அனுப்புவது வேண்டாம் அக்கா. படிக்க வருகிறவர் கஸ்டம்ஸ் கணக்கில் செட்லர் இல்லை. மூன்று வருஷத்துக்கு, அதாவது 36 மாதத்துக்கு மேல் போகாத தற்காலிக வேலைக்கு வருகிறவரும் இல்லை. அவர்களுக்கு இருப்பது தற்காலிகமாகக் கொண்டு வருகிற சலுகை: தன் சொந்த உபயோகத்துக்கான பொருளைக் கொண்டு வரலாம், போகும்போது எடுத்துக்கொண்டு போக வேண்டும். இடையில் இங்கே விற்கவோ கொடுக்கவோ கூடாது. உங்கள் ஊஞ்சலும் கிரைண்டரும் அவன் பொருளே இல்லை, சொந்தம், கைவசம், பயன்பாடு எதுவும் அவனுக்குப் பொருந்தாது. படிக்க வந்திருக்கிற பையன் பெயரில் கஸ்டம்ஸ் சிக்கல் வந்தால் நாளைக்கு அவனுடைய விசா, பி.ஆர் விண்ணப்பத்துக்கெல்லாம் அது நல்லதில்லை. மிச்சமாகிற பணத்துக்காக அந்தப் பையன் தலையில் இதைக் கட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புல்லட் எந்த வருஷத்து வண்டி? அமெரிக்காவைத் தவிர வேறு நாட்டில் விற்பதற்காகச் செய்த வண்டி, கனடா பாதுகாப்பு விதிப்படி செய்யப்பட்டிருக்காது, அதனால் உள்ளே விட மாட்டார்கள். தயாரித்துப் பதினைந்து வருஷம் ஆன வண்டிக்கு அந்த விதியில் விலக்கு இருக்கிறது. கார், பைக் இரண்டுக்கும் அப்படித்தான். மாதக் கணக்கு வரை பார்ப்பார்கள், ஆர்.சி புத்தகத்தில் தயாரிப்பு மாதம் தெளிவாக இருக்க வேண்டும். அதற்கு மேல் எஞ்சின், டயர் இடுக்கு, சைலன்சர் அடி எல்லாம் மண் இல்லாமல் கழுவ வேண்டும், அப்புறம் இங்கே மாகாணத்தில் பதிவு, பாதுகாப்புச் சோதனை, இன்சூரன்ஸ். பழைய வண்டி மேல் அவ்வளவு பிரியம் என்றால் கொண்டு வரலாம், ஆனால் பனிக்காலம் முழுக்க அதை மூடி வைக்க ஒரு கராஜ் வேண்டும் என்பதையும் வீடு பார்க்கும்போதே சொல்லிவிடுங்கள்.

---

ஸ்காபரோவாசி

எல்லோரும் புறப்படுவதைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், சாமான் இங்கே வந்து சேர்ந்த பிறகு நடப்பதை நான் சொல்கிறேன் தங்கச்சி. எங்கள் பக்கத்து ஆட்கள் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருந்து இப்படிச் சாமான் எடுப்பித்தபோது அலைந்தது எல்லாம் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

கப்பல் ஹாலிஃபாக்ஸிலோ மொன்றியலிலோ இறங்கினாலும் பெட்டி ரயிலில் ரொறன்ரோ பக்கம் வரும். உங்களுடையது பாதி வீட்டுச் சாமான் என்பதால் வேறு ஆட்களின் சாமானோடு ஒரே கொள்கலனில் வரும், அதைச் சுங்கக் கட்டுப்பாட்டில் உள்ள ஒரு கிடங்கில் பிரித்து வைப்பார்கள். அதைச் சஃபரன்ஸ் வேர்ஹவுஸ் என்று சொல்வது. பிறகு உங்களுக்கு வந்து சேர்ந்த அறிவித்தல் வரும், அதில் கார்கோ கண்ட்ரோல் நம்பர் இருக்கும். அதோடு முத்திரை வைத்த 186, பாஸ்போர்ட், பி.ஆர் கடதாசி, பேக்கிங் லிஸ்ட் எல்லாம் எடுத்துக்கொண்டு உங்கள் கணவர் சுங்க அலுவலகத்துக்கு நேரே போக வேண்டும். விமான நிலையத்தில் கொடுத்த பட்டியலோடு ஒத்துப் பார்த்து விடுவித்தல் முத்திரை வைப்பார்கள். சில நேரம் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று சொல்வார்கள், அது உங்களில் சந்தேகப்பட்டு என்று இல்லை. முத்திரை கிடைத்த பிறகுதான் கிடங்குக்குப் போய்ச் சாமானை ஏற்றலாம்.

இங்கேதான் காசு கரையும், வடிவாகக் கேளுங்கள். சுங்கம் வரி கேட்காமல் விட்டாலும் கிடங்குக்காரருக்குக் கையாளும் கட்டணம், கொள்கலனைப் பிரித்த கட்டணம் உண்டு. இலவசமாக வைத்திருக்கும் சில நாட்கள் கடந்தால் நாளுக்கு நாள் வாடகை ஏறும். சுங்கம் சோதனைக்கென்று கொள்கலனை இறக்கி ஏற்றச் சொன்னால் அந்தக் கூலியும் சாமானின் சொந்தக்காரர் தலையில்தான், ஒரே கொள்கலனில் வந்தவர்களுக்குப் பங்கு பிரிப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தினரிடம் அங்கே ஏற்றின நிறுவனம் "வீடு வரை" என்று வாயால் சொல்லிவிட்டு, கடதாசியில் துறைமுகம் வரை என்று மட்டும் போட்டிருந்தது. இங்கே வந்து அவர்கள் கட்டிய தொகைக்குப் புதுச் சோபாவே வாங்கியிருக்கலாம், அவ்வளவு மனவருத்தம். ஆகவே கோவையில் கையெழுத்து வைக்கும் முன், வீட்டு வாசல் வரையா, கிடங்கு வரையா, கிடங்குக் கட்டணம் யார் கட்டுவது, படியேற்றிக் கொடுப்பார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத்தில் எடுங்கள். அங்கே சொல்கிற விலையில் மலிவானவரிடம்தான் இங்கே கட்ட வேண்டியது கூடுதலாக ஒளிந்திருக்கும்.

நேரம் பற்றியும் ஒரு சொல். கடல்வழிச் சாமானுக்கு வீட்டிலிருந்து வீட்டுக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று நினைத்தே அனுப்புங்கள். பிள்ளைகளின் மருந்து, பள்ளிக்கூடச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, குளிர் உடுப்பு, முதல் மாதம் சமைக்க வேண்டிய பாத்திரம் எல்லாம் விமானத்தில் கூடவே வரட்டும். மருத்துவர் எழுதித் தந்த மருந்து தொண்ணூறு நாளைக்கு உரியது மட்டும், கடைப் பெட்டியோடு, சீட்டோடு கொண்டு வாருங்கள். மாத்திரையைப் பிரித்து டப்பாவில் போட வேண்டாம்.

---

தேன்மொழி, கோவை

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. கொட்டேஷனை எடுத்துப் பார்த்தேன், "டு போர்ட்" என்றுதான் இருக்கிறது. நாளைக்கே கேட்கிறேன். தம்பி பெயரில் எதுவும் அனுப்பவில்லை, முடிவு செய்துவிட்டோம். புல்லட் 2012-ஆம் வருஷத்து வண்டியாம், அவர் ஆர்.சி-யைத் தேடி எடுத்து மாதம் பார்த்துக்கொண்டிருக்கிறார். கிரைண்டரும் மிக்ஸியும் என்ன செய்வது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அக்கா மகளின் கைக்குழந்தைக்காக வாங்கின சில பொருள்களும் அனுப்பச் சொல்கிறார்கள், அவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள்.

---

வடபழனி டு பிராம்ப்டன்

கனடா மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் 230 வோல்ட் கிரைண்டரை ஓட்ட ஏற்று டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அது வோல்ட்டேஜை ஏற்றித் தருமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது, மோட்டார் நம் ஊரில் ஓடுவதைவிட வேகமாகச் சுற்றும், சீக்கிரம் சூடாகும். வீட்டில் இருக்கும் கிரைண்டரை உறவில் யாருக்காவது கொடுத்துவிட்டு, 110 வோல்ட் கிரைண்டரே வாங்கிவிடுங்கள், நீங்கள் இருப்பதே கிரைண்டர் செய்கிற ஊர். கேஸ் அடுப்பு, கீசர், ஃபேன் எதையும் ஏற்றாதீர்கள். லேப்டாப், போன் சார்ஜர் மாதிரி 100 முதல் 240 வரை என்று எழுதியிருப்பது எல்லாம் பிளக் மாற்றினால் ஓடும்.

புது மிக்ஸி, புது கிரைண்டர் இரண்டும் பயன்படுத்தின பொருள் கணக்கில் வராது. கோவையில் போட்டு ஓட்டவும் முடியாது, அதனால் பயன்படுத்தியது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். பட்டியலில் "புதியது" என்று வெளிப்படையாக எழுதி, பில்லை இணைத்துவிடுங்கள். வரி கேட்டாலும் அந்த இரண்டு பொருளின் விலைக்குத்தான். ஒரு மிக்ஸியை மறைக்கப் போய் மீதி நூறு பொருளின் மேல் சந்தேகம் வர வைக்க வேண்டாம்.

கைக்குழந்தைச் சாமானை உங்கள் பட்டியலில் சேர்க்காதீர்கள், அது உங்களுடையது இல்லை. அதோடு, குழந்தையை உள்ளே உட்கார வைக்கும் சக்கரம் வைத்த வாக்கர் இருந்தால் அதைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். கனடாவில் 2004 முதல் அதை விற்கவும் கூடாது, வெளியிலிருந்து கொண்டு வரவும் கூடாது, குழந்தைகள் படியில் உருண்டு அடிபட்டதால் வந்த தடை. கார் சீட்டும் இந்தியாவிலிருந்து வேண்டாம். கனடா பாதுகாப்பு முத்திரை உள்ள சீட்டைத்தான் இங்கே காரில் பயன்படுத்த வேண்டும், உங்கள் பிள்ளைகளுக்கு பூஸ்டர் சீட் தேவைப்படும் வயதென்றால் கணவர் வந்த உடனே இங்கேயே வாங்கி வைக்கட்டும்.

186-ஐ நிரப்பின பிறகு இங்கே ஒரு தடவை கேளுங்கள், பாஸ்போர்ட் எண்ணும் முகவரியும் போடாமல் பொருள்களை மட்டும் எழுதுங்கள். விட்டுப்போனது கண்ணில் பட்டால் சொல்கிறேன்.